கயிறு திரிக்கிற செடி

ஹர்லி ஓடை, கென்டக்கி
ஜூன் 11, 2023

லோவலுக்கு அம்மாச்சி எழுதுவது. என் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது, ரெனி எப்படி இருக்கிறாள் என்று எழுது.

அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோர் பேரையும் எழுதுகிறேன். கல்லறை ஞாயிறு, நம் கல்லறைகளில் பூ வைத்துவிட்டு அங்கேயே கூடிச் சாப்பிட்ட நாள். நான். நீ. உன் பெண்டாட்டி ரெனி. என் தங்கை வெர்னா, அவள் புருஷன் எஸ்டில். பாதிரியார் க்ளீட்டஸ். காரை விட்டு இறங்காமலே தூங்கிய அவருடைய அம்மா. மண்ணுக்குள் உன் தாத்தா ஹோபர்ட், அவருக்கு இடப்பக்கம் உன் அம்மா. வேறு ஈ காக்கா இல்லை.

நேற்று க்ளீட்டஸ் வந்து தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "லோவல் போன் பண்ணான்மா. கம்பெனியில மூத்திர டெஸ்ட்டு எடுத்தாங்களாம். கஞ்சா இருக்குன்னு வந்துருச்சாம். லாரிச் சாவிய வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்" என்றார். "எந்த லோவல்?" என்று கேட்டேன்.

பதினோரு வருஷம் லாரி ஓட்டியவன் நீ. இருமல் மருந்து கொடுத்தால்கூட வெளிச்சத்தில் பிடித்து லேபிளைப் படித்துவிட்டு, "வேணாம் அம்மாச்சி, லைசென்ஸ் போயிடும்" என்று திருப்பித் தருகிறவன். அப்படியானால் யாரோ உனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீ இங்கே இருந்தது நான்கு நாள். போன மறுநாள் டெஸ்ட். நீ தின்றதை எல்லாம் நான் சொல்வேன். கோழிக்கால் இரண்டு. பீன்ஸும் சோள ரொட்டியும். ஆப்பிள் அடுக்குக் கேக் மூன்று துண்டு, அது நான் செய்தது. வெர்னாவின் வால்நட் மிட்டாய் நாலு. நாலு! மற்ற நாள் எல்லாம் என் கைச் சாப்பாடு, என் கைக் காபி.

காபியில் காலையும் மாலையும் என் முட்டித் தைலத்தைச் சொட்டுவிட்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. பெட்ரோல் பங்கு கடையில் வாங்கிய, நாக்கில் விட்டுக்கொள்கிற சணல் தைலம், ஹெம்ப் என்பார்கள். கயிறு திரிக்கிற செடிதானே. யுத்தகாலத்தில் கப்பல் கயிற்றுக்கு என் அப்பாவே பயிர் வைத்தார். மூன்றாம் நாள் நீ குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு, "வீட்டுக்கு வந்தாலே வலி போயிடுது அம்மாச்சி" என்றாய். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆக, மிச்சம் இருப்பது வால்நட் மிட்டாய். எஸ்டில் ஒரு காலத்தில் கொட்டகைக்குப் பின்னால் என்ன வளர்த்தான் என்று எனக்கு மறக்கவில்லை. நீ ஒன்றும் கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மாவைப் பெற்றவள்,
ஆர்ஃபா


நாக்ஸ்வில், டென்னசி
ஜூலை 5

அன்புள்ள அம்மாச்சிக்கு லோவல் எழுதுவது. நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை படித்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிட்டது.

இப்போது ஒரு கிட்டங்கியில் பெட்டி இறக்குகிறேன். என் பேர் அரசாங்கப் பட்டியலில் ஏறிவிட்டது. எந்தக் கம்பெனி தேடினாலும் முதலில் அதுதான் தெரியும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் அவர்கள் அங்கீகரித்த ஆலோசகர் ஒருவரைப் பார்க்க வேண்டும். அவர் சொல்கிற வகுப்பை முடிக்க வேண்டும். பிறகு வேலை தர ஒரு முதலாளி சம்மதிக்க வேண்டும், அவர் அனுப்பி இன்னொரு டெஸ்ட். அதில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் திடீர் திடீரென்று கூப்பிடுவார்கள்.

முடிவைச் சொன்ன டாக்டரிடம் போனில் கேட்டேன். வீட்டு மருந்து, கடை மருந்து, தெரியாமல் சாப்பிட்டது, எதுவும் காரணமாகாதாம். யார் கொடுத்திருந்தாலும் உள்ளே போனது என் உடம்பில். அதனால் யாரையும் தேடாதீர்கள் அம்மாச்சி. முக்கியமாக வெர்னா சின்ன அம்மாச்சியிடம் எதுவும் கேட்காதீர்கள். மிட்டாயில் ஒன்றும் இல்லை.

அந்த முட்டித் தைலம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் நன்றாக மூடி வையுங்கள். உங்களுக்கு நல்லது செய்தால் சரி, வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பேரன்,
லோவல்


ஹர்லி ஓடை
ஜூலை 14

லோவலுக்கு. முட்டி அப்படியே. தைலம் கால் குப்பி இருக்கிறது, என்னைவிட அதன்மேல் உனக்கு அக்கறை.

கேட்காதே என்று நீ எழுதியது வருவதற்குள் கேட்டுவிட்டேன். க்ளீட்டஸின் காரில் போனேன். வெர்னா தாழ்வாரத்தில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னக்கா, யாரு செத்தது?" என்றாள். சாவு விழுந்தால்தான் நான் அவள் படி ஏறுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"உன் மிட்டாயில என்னடி போட்ட?"

"வால்நட் போட்டேன். சர்க்கரை போட்டேன். உனக்குன்னு தனியா கொஞ்சம் விஷம் போடலாம்னு பாத்தேன், வீட்டுல தீந்து போச்சு."

"உன் புருஷன் கொட்டகைக்குப் பின்னால வளத்ததப் போட்டியா?"

எஸ்டில் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான். "அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடிக்கா. இப்ப நான் தக்காளி வெச்சாலே காய்க்க மாட்டேங்குது."

"நாங்களுந்தான் தின்னோம்" என்றாள் வெர்னா. "இதோ நிக்கிறாரே பாதிரியாரு, ஆறு தின்னாரு. அவரு மூத்திரத்தையும் புடிச்சுப் பாரேன்."

க்ளீட்டஸ் காரைப் பார்க்கப் போவதுபோல் நழுவிவிட்டார். நான் சும்மா வரவில்லை. அம்மாவின் சவப்பெட்டி வீட்டுக்குள் இருக்கும்போதே அம்மாவின் இரும்பு வாணலியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவளிடம் உண்மை வராது என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. அந்த வாணலி அவள் அடுப்பில் இருந்தது. கண்ணால் பார்த்தேன்.

ரெனி ஏன் ஒரு வரி எழுதவில்லை? முன்பெல்லாம் கடைசியில் ஒரு பூ வரைவாளே.

அம்மாச்சி


நாக்ஸ்வில்
ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மாச்சி, நலம். ரெனிக்கு வேலை அதிகம், உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ஆலோசகர் ஒரு பெண், பேர் திருமதி ஓகில். நல்லவர்தான், களைத்தவர். வாரம் இரண்டு மாலை வகுப்பு. வட்டமாக நாற்காலி போட்டுப் பதினோரு பேர். லாரியில் மாட்டுக் கன்று ஏற்றுகிறவர், கார் ஏற்றுகிறவர், இரண்டு நாள் தூங்காமல் ஓட்டுவதற்கு மாத்திரை போட்டவர். ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். என்னிடம் கதை இல்லை. மூன்று வாரம் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

திருமதி ஓகில் தனியாகக் கூப்பிட்டார். "இங்க பாருப்பா, நான் நீதிபதி இல்ல. நீ செஞ்சியா இல்லையான்னு எழுத என் ஃபாரத்துல கட்டமே இல்ல. இவனுக்கு இன்னும் எத்தன வாரம் வேணும்னு எழுதத்தான் கட்டம் இருக்கு" என்றார்.

நான்காவது வாரம், முதுகு வலிக்கு நானே எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் தோளில் தட்டி, "இப்பத்தான்யா மனுஷனாப் பேசுன" என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அம்மாச்சி, குப்பி காலியாகியிருந்தால் இன்னொன்று வாங்காதீர்கள். முட்டிக்கு டாக்டரைப் பாருங்கள்.

லோவல்


ஹர்லி ஓடை
ஆகஸ்ட் 16

லோவல்,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

1974இல் உன் தாத்தா வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். ‘மரத்தூண் வைக்காமல் விட்டது நான்தான்’ என்று எழுதிய காகிதத்தை இந்த அடுப்படி மேஜையில்தான் மேஸ்திரி உன் தாத்தா முன்னால் போட்டான். கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடி வேலை. "நான் வெக்காம விடல" என்றார் ஹோபர்ட். அவ்வளவுதான் சொன்னார். பதினாலு மாதம் வேலை இல்லாமல் இருந்தோம். உன் அம்மாவுக்கு மாவுச் சாக்கில் பாவாடை தைத்துப் போட்டேன். மேஸ்திரி பேர் ஓட்டிஸ் கிரப். அவன் செத்தபோது நான் போகவில்லை.

நீ அதே ரத்தம். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கை தட்டினார்கள் என்று எனக்கு எழுதுகிறாய்.

யாரைக் காப்பாற்றுகிறாய்? வெர்னாவையா?

ஆர்ஃபா


நாக்ஸ்வில்
செப்டம்பர் 30

அன்புள்ள அம்மாச்சிக்கு. முட்டி எப்படி இருக்கிறது? க்ளீட்டஸிடம் விசாரித்தேன், பரவாயில்லை என்றார்.

தாத்தா கையெழுத்துப் போடவில்லை என்பது எனக்கு மறக்காது. ஆனால் உண்மையைச் சொல்வதற்கு அவர் வேறு யாரையும் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு முடிந்தது. திருமதி ஓகில் சரி என்று எழுதிவிட்டார். ஏழு கம்பெனியில் கேட்டேன். பட்டியலைப் பார்த்ததும் குரல் மாறிவிடுகிறது. பழைய முதலாளி டட்டன் போனையே எடுக்கவில்லை. எட்டாவதாக டோலிவர் என்று ஒருவர், ஜல்லி ஏற்றும் லாரிகள் ஆறு வைத்திருக்கிறார். "என் தம்பியும் இந்தப் பட்டியல்ல இருந்தவன்தான், வா" என்றார். அடுத்த மாதம் டெஸ்ட். இதில் தோற்றால் எல்லாம் முதலிலிருந்து. பிறகு யாரும் சேர்க்கமாட்டார்கள்.

நவம்பரில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்கு இந்த வருஷம் எங்களால் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லோவல்


ஹர்லி ஓடை
அக்டோபர் 8

லோவலுக்கு. நான் இருக்கிறேன்.

வரமாட்டாய் என்றால் வரமாட்டாய். முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவை. மேஜையில் ஒரு தட்டு போதும் எனக்கு.

கோபம் வேறு, முதுகு வேறு. மறுபடி லாரியில் உட்காரப் போகிறாய், ஜல்லி லாரி தூக்கித் தூக்கிப் போடும். ஆப்பிள் வெண்ணெய் கிண்டி ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். வழக்கமான பட்டையும் கிராம்பும்தான். கூடவே அம்மாச்சியின் கைமருந்தும் சேர்ந்திருக்கிறது, உனக்குத் தெரியும் எது என்று. தினம் காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு டெஸ்ட்டுக்குப் போ. தெம்பாக இருக்கும்.

அம்மாச்சி


நாக்ஸ்வில்
நவம்பர் 2

அன்புள்ள அம்மாச்சி, இங்கே நலம். ஜாடி உடையாமல் வந்தது. நன்றி. பத்திரமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை டெஸ்ட். பக்கத்தில் நின்றவர் வழுக்கைத் தலையர், பாவம், அவருக்கு என்னைவிடக் கூச்சம். சட்டையைத் தொப்புளுக்கு மேலே தூக்கி, கால்சட்டையை முட்டிவரை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். பிறகு அவர் பார்த்துக்கொண்டே இருக்க நிரப்ப வேண்டும். எனக்கு வரவில்லை. மூன்று மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் வராவிட்டாலோ, எழுந்து வெளியே போனாலோ, தோற்றதாகவே எழுதுவார்கள். தண்ணீர் குடித்துக் குடித்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் போனபிறகு அவர், "அவசரமில்லண்ணே. போன வாரம் ஒருத்தர் அழுதுட்டாரு, அப்புறம் வந்துருச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அதுவும் வந்தது. பத்து நிமிஷம்தான் மிச்சம் இருந்தது.

இன்று முடிவு வந்தது. சுத்தம். நாளைக் காலை ஜல்லி ஏற்றப் போகிறேன்.

இனிமேலும் எந்த நாள் காலையிலும் கூப்பிடுவார்கள். இந்த ஒரு வருஷத்தில் குறைந்தது ஆறு தடவை. அதனால் வெளியே எங்கும் சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை. பிளாஸ்க்கில் ரெனி போட்டுக் கொடுக்கும் காபிதான்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோவல்


நாக்ஸ்வில்
நவம்பர் 4

அம்மாச்சிக்கு ரெனி எழுதுவது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

நீங்கள் அனுப்பிய ஜாடியை நான் பின்பக்கம் குழி தோண்டிக் கொட்டினேன். அவர் தடுக்கவில்லை, உங்களிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். ஜூனிலிருந்து அதையேதான் சொல்கிறார். சொல்லாமல் இருந்தால் அடுத்து எதில் கலந்து அனுப்புவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

கண் நன்றாகத் தெரிகிற யாரையாவது கூப்பிட்டு உங்கள் தைலக் குப்பியின் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். முழுவதும்.

ரெனி


ஹர்லி ஓடை
டிசம்பர் 3

லோவலுக்கு.

ரெனியின் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிறது. அவளைத் திட்டாதே. அவள் ஒருத்திதான் என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்து உண்மையை எழுதினாள்.

கண் தெரிகிறவர் என்றால் இந்த ஓடையில் வெர்னாதான். அவளுக்குப் புரை எடுத்தாகிவிட்டது. குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"மறுபடி யாரு மூத்திரம்?" என்றாள்.

"படிடி" என்றேன்.

குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இலைப் படத்தைப் பார்த்தாள். "அக்கா, இது கஞ்சா இலை" என்றாள்.

"சணல்டி. கயிறு திரிக்கிற செடி. அப்பா போடல?"

"ரெண்டும் ஒரே செடிதான்க்கா. ஒண்ணுல போதை கம்மி, ஒண்ணுல ஜாஸ்தி. எஸ்டில் எந்தத் தைரியத்துல வளத்தான்னு நெனச்ச? கேட்டா கயிறுன்னு சொல்லலாம்னுதான்." பிறகு அடியில் எறும்பு மாதிரி ஓடிய எழுத்தை விரல் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "இதை உட்கொள்வோர் போதைப் பரிசோதனையில் தோல்வியுற நேரலாம்."

அவள் சிரிக்கவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்க அவளுக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான். சிரிக்காமல் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். "வால்நட் வேணும்னா இருக்கு" என்றாள். தின்றேன். மிட்டாயில் ஒன்றும் இல்லை, நீ சொன்னது சரிதான்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவிலிருந்து உன் கடிதங்களை எடுத்தேன். ஜூலையில் மூடி வை, யாருக்கும் கொடுக்காதே. ஆகஸ்டில் இன்னொன்று வாங்காதே. பிறகு ஜாடி பத்திரம், பிளாஸ்க், வெளியே குடிப்பதில்லை. வெளியே என்று நீ எழுதியது என் வீட்டை. எனக்கு என்ன ஞாபகசக்தி என்று ஊரே சொல்லும். எஸ்டிலின் கொட்டகை ஞாபகம் இருந்தது. வாணலி ஞாபகம் இருந்தது. என் கையால் விட்ட சொட்டை எண்ணுவதற்கு மட்டும் தோன்றவில்லை. அதை முதல் கடிதத்திலேயே, பெருமையாக, நானே உனக்கு எழுதியிருக்கிறேன்.

எவன் செய்ததை எவன் தலையில் போடுவது என்று ஓட்டிஸ் கிரப்பைத் திட்டினேன். நீ கையெழுத்துப் போட்டது நான் செய்ததற்கு.

தைலத்தைக் கக்கூசில் கொட்டிவிட்டேன். திருமதி ஓகிலுக்கு நான் எழுதட்டுமா என்று க்ளீட்டஸிடம் கேட்டேன். எழுதினால் உனக்குத்தான் மறுபடி தொல்லை என்றார். ஆகவே எழுதவில்லை. சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு வயது எண்பத்துநாலு. மனத்தில் இத்தனை பேரைச் சுமந்துகொண்டு இனி நடக்க முட்டி இடம் கொடுக்காது. இறக்கி வைக்கிறேன், கேள். டட்டனை மன்னித்துவிட்டேன், போனை எடுக்காவிட்டாலும். போனில் பேசிய டாக்டரை மன்னித்துவிட்டேன். பெட்ரோல் பங்கு கடைக்காரப் பெண்ணை, அவளும் லேபிளைப் படித்திருக்கமாட்டாள். எஸ்டிலை. ஓட்டிஸ் கிரப்பைக்கூட, கொஞ்சம். வெர்னாவிடம், வாணலியை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். "நான் என்ன உன்கிட்ட கேட்டேனா?" என்றாள். அதையும் மன்னித்துவிட்டேன். என்னை என்ன செய்வது என்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார், அதற்கு அதிக நாள் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். கடையில் புதுக் காபி டின் வாங்கி வைத்திருக்கிறேன். உடைக்கவில்லை. நீ வந்து சீலை உடை, நீயே அடுப்பில் வை. நான் எதிரில் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவும் வேண்டாம் என்றால் ரெனியின் பிளாஸ்க்கைக் கொண்டு வா. எனக்கு வருத்தமில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனாலும் கொண்டு வா.

ஒருத்தனை மட்டும் மன்னிக்கமாட்டேன். என் கையால் வேலை போனது தெரிந்தும் ஆறு மாதம் வாயைத் திறக்காதவன். ஊரார் முன்னால் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு, வேற்று மனிதன் முன்னால் துணியை இறக்கி நின்றுவிட்டு, கடிதத்துக்குக் கடிதம் என் முட்டி எப்படி என்று கேட்டவன். எவ்வளவு தைரியம் இருந்தால் என்னை அப்படிக் காப்பாற்றியிருப்பான். சாகும்வரை மன்னிக்கமாட்டேன். பேரை முழுசாக எழுதுகிறேன், படித்துக்கொள்.

லோவல் டீன் ராட்லிஃப்.